நாமாக விரும்பிப் போன காடு

ஒரு கடிதமும் ஒரு சொல்லும்

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு கடிதம். 2025 மார்ச் மாதத்தில், எங்களோடு ஒரே தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நிற்கும் அக்கா ஒருவர், இடைவேளையின் போது அதைக் கொண்டு வந்து காட்டினார். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகனை மூன்று நாட்கள் மலைக்காட்டுப் பக்கம் 'காம்ப்'புக்கு அழைத்துச் செல்லப் போகிறார்கள், பெற்றோர் கையொப்பம் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

"என்ர பிள்ளையை நான் காம்புக்கு விடமாட்டன்" என்றார் அக்கா. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுக்கு விளக்கம் தேவைப்படவுமில்லை. நாங்கள் எல்லோரும் வன்னியிலிருந்து வந்தவர்கள். இந்த நாட்டுப் பிள்ளைக்கு 'காம்ப்' என்றால் கூடாரம், நெருப்பு மூட்டிச் சோளம் சுடுவது, இரவில் சிரித்துக் கொண்டு கதை சொல்வது. எங்களுக்கோ அது ஆமிக் காம்ப். 2009 இல் மூன்று இலட்சம் பேர் வரையில் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்த செட்டிகுளம் முகாம். பின்னர் படகில் வந்து இறங்கியபோது எங்களை வைத்திருந்த தடுப்பு முகாம். காடு என்ற சொல்லும் அப்படித்தான். பிள்ளைகளையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் அது. அக்காவின் அண்ணா ஒருவர் அப்படியான ஓட்டத்தில் காட்டுக்குள் பிரிந்தவர், இன்றுவரை வரவில்லை.

அக்காவின் மகன் இங்கே பிறந்தவன். வகுப்பில் எல்லோரும் போகத் தான் மட்டும் வேறு வகுப்பில் இருந்து படம் கீற வேண்டும் என்று தெரிந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். பிள்ளையிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தாய்க்குத் தெரியவில்லை. எங்கள் வீடுகளிலும் இதே பிரச்சினை இருந்தது. சென்ற ஆண்டு எங்களுடைய பிள்ளைக்கும் "காய்ச்சல்" என்று பொய் சொல்லி நிறுத்தியவர்கள்தான் நாங்கள். ஆகையால் அக்காவுக்குப் புத்தி சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் எங்களில் ஒருவர் சொன்னார்: "பிள்ளையளை விட முதல் நாங்கள் ஒருக்காப் போய்க் காட்டுக்குள்ள படுத்துப் பாப்பம்."

ஏன் டெயின்றீ?

எங்கள் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் மழைக்காடு பற்றி ஒரு ஒப்படை செய்திருந்தாள். அதில் குயின்ஸ்லாந்தின் வடக்கே உள்ள டெயின்றீ மழைக்காட்டின் படமும், அங்கே ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு நிலையத்தின் படமும் இருந்தன. மரங்களுக்கு மேலே நிற்கும் ஒரு பாரந்தூக்கி. கட்டடம் கட்டும் இடத்தில் நாம் காண்பதைப் போன்றது. காட்டுக்குள் பாரந்தூக்கிக்கு என்ன வேலை என்று கேட்டோம். அவள் சொன்ன விளக்கத்தில் எங்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

வெப்பமண்டலக் காடுகளைப் படிக்கும் ஆய்வு நிலையங்களில் சாதாரண மக்களும் போய்த் தங்குவது உலகில் புதிதல்ல. மத்திய அமெரிக்காவிலுள்ள கொஸ்ரா றிக்கா என்ற சிறிய நாடு இதற்குப் பெயர் போனது. அங்கே 1963 இல் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வெப்பமண்டல ஆய்வு அமைப்பு ஒன்றைத் தொடங்கின. அந்த அமைப்பு 1968 இல் லா செல்வா என்ற காட்டு நிலையத்தையும், 1973 இல் லாஸ் குரூசெஸ் என்ற நிலையத்தையும் பொறுப்பேற்றது. லாஸ் குரூசெஸில் வில்சன் தம்பதியர் வளர்த்த தாவரவியல் தோட்டமும் உண்டு. பனை, கமுகு இனங்களின் பெருந்தொகுப்புக்குப் பேர்போன தோட்டம் அது. ஆய்வாளர்கள் தங்கும் அறைகளிலேயே பயணிகளும் வாடகை கொடுத்துத் தங்குவார்கள், ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், காலையில் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடப்பார்கள். அவர்கள் கொடுக்கும் பணம் நிலையத்தை நடத்த உதவுகிறது. காட்டை வெட்டி விற்றால் ஒருமுறைதான் காசு. நிற்கும் காட்டைப் பார்க்க ஆட்கள் வந்தால் ஊரவர்களுக்கும் ஒவ்வொரு வருடமும் வேலை கிடைக்கும். இதுதான் அந்த ஏற்பாட்டின் கணக்கு.

டெயின்றீ நிலையத்தில் ஆய்வாளர்களுக்கும் மாணவர் குழுக்களுக்கும்தான் முதலிடம். ஆகவே நாங்கள் தங்குவதற்கு அதே காட்டில் ஒரு சிறிய தங்குமிடத்தை ஏற்பாடு செய்துகொண்டு, நிலையத்தைப் பார்க்க முன்கூட்டியே கேட்டு ஒரு காலைப்பொழுதைப் பதிந்துகொண்டோம். மூன்று குடும்பங்கள், பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பதினொரு பேர். சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு. விமான ரிக்கற்றை நான்கு மாதத்துக்கு முன்னரே மலிவாக எடுத்தோம். அக்கா "நான் வரேல்லை" என்றுதான் சொன்னார். அவருடைய கணவர் அவருக்கும் சேர்த்து எடுத்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 பெப்ரவரியில், தற்காலிக விசாவில் இருந்தவர்கள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் மூன்று குடும்பங்களுக்கும் அது கிடைத்தது. அதற்கு முந்திய பத்து வருடங்களும் நாளைக்கு என்ன நடக்கும் என்றே தெரியாமல் வாழ்ந்தோம், உல்லாசப் பயணம் என்ற நினைப்பே வந்ததில்லை. எம்மவர்களில் பலர் இன்னும் இணைப்பு விசாவிலேயே காத்திருக்கிறார்கள். அவர்களை நினைக்காமல் இந்தப் பயணத்தைப் பற்றி எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.

கெய்ன்ஸ் தோட்டத்தில் கரணைக்கிழங்கின் உறவு

யூலைப் பாடசாலை விடுமுறை. மெல்பேர்ணில் கைவிரல் விறைக்கும் குளிர். மூன்றரை மணித்தியாலம் பறந்து கெய்ன்ஸ் நகரில் இறங்கியதும் முகத்தில் பட்ட காற்றில் ஊர் மணந்தது. ஈரமும் வெயிலும் கலந்த மணம். கம்பளிச் சட்டைகளைக் கழற்றிப் பைக்குள் திணித்தோம்.

முதல் நாள் கெய்ன்ஸ் தாவரவியல் தோட்டத்துக்குப் போனோம். 1886 இல் ஒதுக்கப்பட்ட நிலம் அது. அனுமதி இலவசம். அங்கே நாங்கள் கண்ட செடிகளில் பாதிக்குப் பெயர் சொல்ல எங்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. பிள்ளைகள் பலகையில் இங்கிலிஷ் பெயரை வாசிக்க, நாங்கள் தமிழில் சொன்னோம். இந்த நாட்டில் எங்கே போனாலும் பிள்ளைகள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பார்கள். அன்று ஒருநாள் அது மாறி நடந்தது.

இந்தத் தோட்டத்தில் சுமாத்திராவைச் சேர்ந்த ஒரு பெரிய செடி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுண்டு. ஆளுயரத்துக்கு மேல் வளரும் அந்தப் பூ, பிண நாற்றம் நாறுமாம். அது எங்களுடைய கரணைக்கிழங்கின் நெருங்கிய சொந்தம். இதைக் கேட்டதும், "அப்ப அதையும் புளி விட்டுக் குழம்பு வைக்கலாமோ?" என்று ஒருவர் கேட்க, அக்கா அன்று முதன்முறையாகச் சிரித்தார்.

இலங்கையிலும் தாவரவியல் தோட்டம் உண்டு. 1821 இல் தொடங்கிய பேராதனைத் தோட்டம் உலகறிந்தது. ஆனால் எங்களில் ஒருவருமே அதைக் கண்டதில்லை. பாடப்புத்தகத்தில் படமாகத்தான் பார்த்தோம். நாங்கள் வளர்ந்த காலத்தில் வன்னியிலிருந்து வெளியே போவதென்றால் பாஸ் வேண்டும், சோதனைச்சாவடியில் நாள் முழுக்க நிற்க வேண்டும். மரம் பார்க்க யார் போனார்கள்? பிறந்த நாட்டில் பார்க்காத தோட்டத்தின் மரங்களை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பார்த்தோம்.

ஆற்றைக் கடந்து

அடுத்த நாள் பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே ஓடினோம். கெய்ன்ஸிலிருந்து கேப் றிபியூலேசன் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. இடையில் டெயின்றீ ஆறு. பாலம் இல்லை. இரும்பு வடத்தில் இழுபடும் பாதைப் படகில் வானையும் ஏற்றிக் கடக்க வேண்டும். முதலை உண்டு என்ற எச்சரிக்கைப் பலகை கரையிலேயே நிற்கிறது. படகு என்றதும் எங்களுக்குள் ஒரு அமைதி வந்தது. ஐந்து நிமிடப் பயணந்தான். இருந்தாலும் ஒருவரும் கதைக்கவில்லை. பிள்ளைகள் மட்டும் முதலையைத் தேடிச் சத்தம் போட்டார்கள்.

அக்கரையில் காடு தொடங்குகிறது. ரோட்டுக்கு மேலே இரண்டு பக்க மரங்களும் கை கோத்து நிற்கின்றன. உலகின் மிகப் பழைய மழைக்காடுகளுள் ஒன்று இது. இந்தியா, இலங்கை, அவுஸ்திரேலியா எல்லாம் கொண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்த காலத்துத் தாவரக் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் இங்கே நிற்கின்றன. 1988 இல் இந்த ஈர வெப்பமண்டலப் பிரதேசம் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. அதே 1988 இல்தான் இலங்கையின் சிங்கராஜக் காடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்னர், 1983 இல், இந்தக் காட்டினூடாக ரோட்டு வெட்ட வந்த புல்டோசர்களை மக்கள் மறித்து நின்றார்கள். ரோட்டு வெட்டப்பட்டது. ஆனால் அந்தப் போராட்டத்தால்தான் காட்டின் பெயர் நாடெங்கும் தெரிந்தது.

கேப் றிபியூலேசன் என்ற பெயரின் கதை எங்களுக்குப் பிடித்துக்கொண்டது. 1770 யூனில் கப்டன் குக்கின் கப்பல் இந்தக் கடலில் பவளப்பாறையில் மோதிச் சேதமடைந்தது. தமது துன்பம் தொடங்கிய இடம் என்பதால் அந்த முனைக்குத் துன்பம் என்ற பொருளில் பெயர் வைத்தார். "அவரும் படகிலை வந்து கஷ்டப்பட்டவர்தானே" என்றார் எங்களில் ஒருவர். ஆனால் அந்த இடத்துக்கு அதற்கு முன்னரே பெயர் இருந்தது. குக்கு யலஞ்சி மக்கள் அதைக் குல்கி என்று அழைக்கிறார்கள்.

முதல் இரவு

டெயின்றீ ஆற்றுக்கு வடக்கே நீண்ட காலமாகப் பொது மின்சாரக் கம்பி போகவில்லை. மக்கள் சூரிய ஒளியாலும் ஜெனரேற்றராலும் சமாளித்தார்கள். நாங்கள் தங்கிய இடத்திலும் சூரிய மின்சாரந்தான். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாத லயிற் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். கைத்தொலைபேசி வேலை செய்யவில்லை.

பிள்ளைகள் முதலில் திகைத்துப் போனார்கள். எங்களுக்கோ சிரிப்பு வந்தது. வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். ஒரு துளி மண்ணெண்ணெயை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அன்றிரவு பிள்ளைகளுக்குக் கதை கதையாகச் சொன்னோம். அந்தக் கதைகளை நாங்கள் அதுவரை அவர்களுக்குச் சொன்னதில்லை. சொன்னால் மற்றக் கதைகளும் வந்துவிடும் என்ற பயம்.

நடுச்சாமத்தில் காடு சத்தம் போடத் தொடங்கியது. தவளை, பூச்சி, பழந்தின்னி வௌவால்களின் சண்டை, எங்கோ ஒரு கொப்பு முறிந்து விழும் ஓசை. அக்கா எழும்பிப் போய் வாசல் விறாந்தையில் இருந்துவிட்டார். நாங்களும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பக்கத்தில் இருந்தோம். ஒருவரும் "பயப்படாதேங்கோ" என்று சொல்லவில்லை. எங்களுக்கும் பயமாகத்தான் இருந்தது. கொப்பு முறிந்தபோது இரண்டு பேர் தரையோடு குனிந்துவிட்டோம். உடம்பு மறக்கவில்லை.

தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தோம். விடியும் வரைக்கும் அப்படியே இருந்தோம். அக்கா தன் அண்ணாவைப் பற்றிக் கதைத்தார். எந்தக் காட்டில், எந்த நாள், கடைசியாக என்ன சொன்னார் என்றெல்லாம். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம், ஒருநாளும் கேட்டதில்லை. வரிசை ஓடும்போது கதைக்க முடியாது, இடைவேளையிலும் வேறு கதைகளே கதைப்போம். உள்ளே பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு நித்திரை. அவர்களுக்கு அது வெறும் தவளைச் சத்தந்தான்.

மரங்களைப் படிக்கும் நிலையம்

காலையில் ஆய்வு நிலையத்துக்குப் போனோம். மகளின் ஒப்படையில் இருந்த பாரந்தூக்கியை நேரில் அண்ணாந்து பார்த்தோம். 47 மீற்றர் உயரம். 1998 அளவில் நிறுவப்பட்டது. காட்டை வெட்டி வழி எடுக்காமல் ஹெலிகொப்டரில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டினார்களாம். மரத்தின் அடியில் நின்று பார்ப்பவனுக்கு மரத்தின் வாழ்க்கை பாதியும் தெரியாது. பூப்பது, காய்ப்பது, பூச்சி வருவது எல்லாம் வெயில் படும் உச்சியில்தான். ஆய்வாளர்கள் ஒரு கூண்டில் ஏறி அந்த உச்சிக்குப் போய், அதே இலையை, அதே கொப்பை வருடக்கணக்காக அளந்திருக்கிறார்கள்.

காட்டின் ஒரு பகுதியில் நிலத்துக்கு மழை போகாமல் தகடுகளால் மறித்து, வரட்சி வந்தால் எந்த மரம் தாங்கும், எந்த மரம் சாகும் என்று படிக்கும் ஆய்வு 2015 இல் தொடங்கியது. இது வீண் வேலை அல்ல. வட குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் மரங்கள் சாகும் வேகம் 1980களின் நடுப்பகுதியிலிருந்து இரட்டிப்பாகியுள்ளது என்று 2022 இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. காற்று சூடாகி, இலைகளிலிருந்து கூடுதலாக நீரை உறிஞ்சுவதே முக்கிய காரணமாம். பச்சையாகத்தான் தெரிகிறது, ஆனால் உள்ளே தாகம். எங்களுக்கு அது விளங்கியது.

இந்தக் காட்டில் ஒரு மரம் உண்டு. 1971 இல் ஒரு பண்ணையில் சில மாடுகள் திடீரெனச் செத்தன. வயிற்றைப் பார்த்தபோது பெரிய விதைகள் இருந்தன. அந்த விதையைக் கொண்டே, அழிந்துவிட்டது என நினைத்திருந்த மிகப் பழைய பூக்கும் மரம் ஒன்றை அடையாளம் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வித்திலை ஒன்று அல்லது இரண்டு என்று படித்தோம் அல்லவா? இந்த மரத்தின் விதையில் மூன்று, நான்கு கூட இருக்கும். படிப்பை இடையில் விட்டவர்கள் நாங்கள். விஞ்ஞான ரீச்சர் சொன்னது இன்னும் மனதில் கிடக்கிறது என்பதை அங்கேதான் கண்டோம்.

பிரம்பும் நிற்கிறது. மற்ற மரங்களில் கொழுவிக்கொண்டு மேலே ஏறும் அந்தக் கொடியின் முள் சட்டையில் மாட்டினால் நின்று பின்னுக்கு வந்துதான் கழற்ற வேண்டும். அதனால் இங்கே அதற்குக் 'கொஞ்சம் பொறு' என்ற கருத்தில் பெயர். "இதாலைதான் எங்களுக்கு அடிச்சவையள்" என்று சொன்னதும் பிள்ளைகள் நம்பவில்லை.

புன்னையும் அடம்பனும்

பின்னேரம் கடற்கரைக்கு இறங்கினோம். காடு நேரே மணலில் வந்து முடிகிறது. அங்கேதான் அது நடந்தது.

முன்னுக்கு நடந்து போன அக்கா ஒரு மரத்தின் கீழ் நின்றுவிட்டார். தடித்த மினுங்கும் இலை, நிலமெங்கும் உருண்டைக் காய். "இது புன்னை" என்றார். பார்த்தால் புன்னையேதான். முல்லைத்தீவுக் கடற்கரையில் நிற்கும் அதே புன்னை. கொஞ்சம் தள்ளித் தாழை. மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடந்தது அடம்பன் கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று அம்மாமார் சொல்லும் அந்த அடம்பன்.

யாரும் கொண்டுவந்து நட்டவை அல்ல இவை. புன்னைக்கும் அடம்பனுக்கும் இந்துமாக்கடலும் பசிபிக்கும் ஒரே வீடுதான். அவற்றின் விதைகள் உப்புத் தண்ணீரில் மிதந்து, கரை ஒதுங்கிய இடத்தில் முளைப்பவை. இந்த நாட்டின் புத்தகத்தில் அவை இந்த மண்ணுக்குரிய தாவரங்கள் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் தென்னை அப்படியல்ல. அது காட்டுக்கரையை மூடி மற்றச் செடிகளை வளர விடாது, அகற்ற வேண்டும் என்று சொல்லும் காட்டுப் பாதுகாவலர்களும் அங்கே இருக்கிறார்கள். தென்னைக்கே இந்த நிலை என்றால் எங்களுக்கு என்ன என்று பகிடி விட்டோம்.

அக்கா ஒரு புன்னைக் காயை எடுத்துக் கல்லில் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்து ஓட்டை போட்டு, உள்ளே இருந்த பருப்பை ஈர்க்கால் தோண்டி எடுத்து, உதட்டில் வைத்து ஊதினார். சின்ன வயதில் அண்ணா செய்து கொடுத்த ஊதல். மகன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "அம்மா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?" என்று கேட்டான். பிறகு எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஊதல்.

தேசியப் பூங்காவிலிருந்து காய், விதை, சிப்பி எதையும் எடுத்துப் போகக் கூடாது. ஆகவே இருட்டுப்பட முதல் ஊதல்கள் எல்லாவற்றையும் அந்த மரத்தின் அடியிலேயே வைத்துவிட்டு வந்தோம். அன்றிரவு அக்கா உள்ளே போய்ப் படுத்தார். நித்திரை கொண்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

காணி திரும்பிய கதை

இந்தக் காட்டின் சொந்தக்காரர்கள் கிழக்குக் குக்கு யலஞ்சி மக்கள். தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டு, மிசன் குடியிருப்புகளில் வைக்கப்பட்டவர்கள். 2021 செப்ரெம்பர் 29 ஆம் திகதி, டெயின்றீ தேசியப் பூங்கா உட்பட 160,000 ஹெக்ரேயருக்கு மேற்பட்ட நிலம் அவர்களிடம் சட்டப்படி திருப்பிக் கொடுக்கப்பட்டது. இப்போது அரசாங்கத்தோடு சேர்ந்து அவர்களும் பூங்காவை நிர்வகிக்கிறார்கள். பயணிகளுக்கு வழி காட்டுவதிலும் அவர்களுடைய இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இழந்த காணி ஒருநாள் திரும்பக் கிடைக்கும் என்பதை நாங்கள் கேள்விப்பட்டதுண்டு, ஒரு இடத்தில் நின்று பார்த்ததில்லை. எங்கள் ஊர்களில் 1990 இல் விட்டு வந்த காணியின் உறுதியை இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கும் வயோதிபர்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துக்கொண்டோம். நாங்கள் வந்து குடியேறிய இந்த நாடும் வேறு மக்களுடைய காணி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

மே முதல் ஒக்ரோபர் வரை வரட்சிக் காலம், அதுவே போக நல்லது. நவம்பர் முதல் மே வரை கடலில் கொடிய பெட்டி ஜெலிமீன்கள் வரும். அதன் விஞ்ஞானப் பெயரிலேயே கெய்ன்ஸ் வைத்தியர் ஹியூகோ பிளெக்கரின் பெயர் இருக்கிறது. மழைக் காலத்தில் சூறாவளியும் வரும். 2023 டிசம்பரில் ஜஸ்பர் சூறாவளியோடு கொட்டிய மழையில் மலை சரிந்து ரோட்டு மூடுண்டது. அந்தத் தழும்புகளை நாங்களும் கண்டோம். புறப்பட முன் ரோட்டு நிலைமையைக் கேட்டறியுங்கள்.

ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் முதலை உண்டு, பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடாதீர்கள். கசோவரி என்ற ஆளுயரப் பறவையைக் கண்டால் ஓட வேண்டாம், சாப்பாடு போட வேண்டாம், முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பெரிய விதைகளை விழுங்கித் தூரத்தில் போடுவது அந்தப் பறவைதான், அது இல்லையென்றால் காடு இல்லை. கிம்பி-கிம்பி என்ற செடியைத் தொடவே கூடாது. எங்களுடைய காஞ்சோன்றியைப் போலப் பல மடங்கு, வலி மாதக்கணக்கில் நிற்கும். பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் பயமில்லை. சாமான்களைக் கெய்ன்ஸிலோ மொஸ்மனிலோ வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே விலை கூட. அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும் எங்களோடு போயின.

அவ்வளவு தூரம் போகக் காசு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். டண்டினோங் பக்கம் இருப்பவர்களுக்குக் கிரான்பேர்ண் தாவரவியல் தோட்டம் கிட்ட. மெல்பேர்ண் நகரத் தோட்டம் 1846 இலும், சிட்னித் தோட்டம் 1816 இலும் தொடங்கியவை. சிட்னிக்காரர்களுக்கு நீலமலையில் மவுண்ட் ரோமாத் தோட்டமும் உண்டு. எங்கும் அனுமதி இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆச்சி, அப்பு எல்லோரையும் கூட்டிப் போங்கள். பலகையை வாசிக்க முதல் அவர்களிடம் மரத்தின் பெயரைக் கேளுங்கள்.

விக்ரோரியாவில் பள்ளிக்கூட முகாம், விளையாட்டு, சுற்றுலாச் செலவுக்கு உதவும் அரச நிதி ஒன்று உண்டு. சுகாதாரச் சலுகை அட்டை உள்ளவர்கள் பள்ளிக்கூட அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை இல்லாதவர்களும், விசா முடிவாகாதவர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்பதால் குறைவொன்றும் இல்லை. முகாமில் யார் கூட நிற்பார்கள், இரவில் எங்கே படுப்பார்கள், எந்த நேரம் ரெலிபோன் எடுக்கலாம் என்பதையும் ஆசிரியரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இங்கிலிஷ் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பிள்ளையை வைத்துக் கதைக்காதீர்கள்.

முடிவாக

மெல்பேர்ணுக்குத் திரும்பிய அடுத்த கிழமை அக்கா அந்தக் கடிதத்தை மறுபடி வேலைக்குக் கொண்டு வந்தார். மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து, எங்களிடம் பேனை வாங்கிக் கையொப்பமிட்டார். "மூண்டு நாள்தானே. எனக்கு அந்த மூண்டு நாளும் நித்திரை வராது. நீங்கள் ஆரும் ராவிலை என்னோட ரெலிபோனிலை கதைக்க வேணும்" என்றார். முறை வைத்துக் கதைப்பதாக ஒப்புக்கொண்டோம்.

செப்ரெம்பரில் பையன் போய் வந்தான். சேறு படிந்த சப்பாத்தும், தொண்டை கட்டிய குரலுமாக வந்து, நெருப்பைச் சுற்றியிருந்து ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னதாகச் சொன்னான். அவன் சொன்னது ஜாம் போத்தல் விளக்குக் கதையாம். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்களாம்.

எங்களுடைய பிள்ளைக்கும் அடுத்த வருடம் கடிதம் வரும். இந்த முறை காய்ச்சல் என்று சொல்ல மாட்டோம்.